14 வயதுப் பையனுக்கு எந்த ஏடிவி?

கேள்வி: ஒரத்தநாட்டுக்கும் பேராவூரணிக்கும் நடுவில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை ஒட்டி மூன்று ஏக்கர் நஞ்சை. நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு 14 வயது, ஐந்தடி உயரம், 41 கிலோ. போன லீவுக்கு இங்கே வந்தபோது மணலில் குவாட் பைக், அதாவது பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர ஏடிவி, ஓட்டினான். அன்றிலிருந்து ஏடிவி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தோப்பில் தாத்தாவுக்கு உதவியாகவும் இருக்கும் என்று எனக்கும் ஆசை. கடைக்காரர் 250 சிசி வாங்கச் சொல்கிறார். "வளர்ற பையன் சார், சின்னதா வாங்கினா ரெண்டு வருஷத்துல வீணாப் போயிடும்" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: 250 வேண்டாம். 110 சிசியை ஒட்டி, சிறுவர் உடம்புக்கென்று செய்த, வேகத்தைப் பூட்டி வைக்கக்கூடிய ஆட்டோமேட்டிக் வண்டி போதும். அதையும் நீங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதமாவது தங்கும்போது வாங்குங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணம் நம் எல்லார் வீட்டிலும் செல்லுபடியாகிற காரணம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுத்தால் "வளர்ற புள்ள, ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்க" என்று டெய்லரிடம் சொல்லும் ஊர் நம்முடையது. சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். இந்த வண்டியில் மடித்து விட எதுவும் இல்லை.

நான் மன்னார்குடிப் பக்கம் பவர் டில்லர், பம்ப்செட் வேலை பார்க்கிறவன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் துபாயில், பாலைவனத்தில் குவாட் பைக் வாடகைக்கு விடும் இடத்தில் மெக்கானிக்காக இருந்தேன். வளைந்த ஹேண்டில்பாரும் உடைந்த மட்கார்டுமாக வண்டி உள்ளே வந்தால், யார் ஓட்டியது என்று கேட்காமலே பல நாள் சொல்லிவிடுவோம்: பெரிய வண்டியில் சின்ன ஆள், இல்லாவிட்டால் பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொண்ட ஆள்.

ஏடிவியைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, "நாலு சக்கரம் இருக்கே, பைக் மாதிரி விழாதே" என்பது. நின்றுகொண்டிருக்கும்போது விழாதுதான். திரும்பும்போதுதான் அதன் குணம் தெரியும். பைக்கை வளைவில் சாய்த்தால் வண்டியும் ஆளும் சேர்ந்து சாய்கிறார்கள். ஏடிவி சாயாது. அது நிமிர்ந்தபடியே திரும்பப் பார்க்கும், மேலே இருக்கிற எடை வெளிப்பக்கம் தள்ளும். போதாததற்குச் சிறுவர் வண்டிகளிலும் ஸ்போர்ட் வண்டிகளிலும் பின் ஆக்ஸில் ஒரே தண்டு, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். ஒரே தண்டில் இரண்டும் ஒரே சுற்றுதான் சுற்றும். ஆகவே உள்சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்தால்தான் வண்டியே திரும்பும். அப்படி வழுக்க வைப்பது ஓட்டுகிறவனின் உடம்பு. இருக்கையில் உள்பக்கம் நகர்ந்து, தோளை முன்னுக்குக் கொண்டுபோய், வெளிக்காலை ஊன்றி எடையை இடம் மாற்ற வேண்டும். ஓட்டுகிறவனின் எடையும் இந்த வண்டியின் ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். 110 சிசி சிறுவர் வண்டியே 120, 130 கிலோ வரும். உங்கள் கடைக்காரர் சொல்லும் 250 சிசி 170 கிலோவை ஒட்டி இருக்கும். பண்ணை வேலைக்கான பெரிய ஏடிவி 300 கிலோவைத் தாண்டும். 41 கிலோப் பையன் உடம்பை நகர்த்தினால் 120 கிலோ வண்டி ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். 170 கிலோ வண்டிக்கு அவன் மேலே வைத்த மூட்டை, அவ்வளவுதான்.

வயது விஷயத்தில் அமெரிக்கக்காரர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. அங்கே 1980களில் மூன்று சக்கர ஏடிவிகள் சக்கைப்போடு போட்டன, கவிழ்ந்தும் தள்ளின. 1988ல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் வண்டி கம்பெனிகளும் நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டோடு மூன்று சக்கர வண்டி விற்பனை அங்கே முடிந்தது. அப்போது வயதை சிசியால் பிரித்தார்கள்: 70 முதல் 90 சிசி வரை 12 வயதுக்கு மேல், 90 சிசிக்கு மேல் 16 வயதுக்கு மேல். அதில் ஒரு கோளாறு வந்தது. வளர்ந்த பையன்கள் 90 சிசி வண்டியில் முழங்கால் இடிக்க உட்கார முடியாமல், நேராகப் பெரியவர்கள் வண்டிக்குத் தாவினார்கள். பிறகுதான் சிசியை விட்டு உச்ச வேகத்தைப் பிடித்தார்கள். இப்போது 10 வயதுக்கு மேல், 12 வயதுக்கு மேல் என்ற வகைகளில் வண்டி மணிக்கு 48 கி.மீ. தாண்டக் கூடாது, கடையை விட்டு வரும்போதே 24 கி.மீ.க்குப் பூட்டி வர வேண்டும். 14 வயதுக்கு மேல், பெரியவர் கண்காணிப்பில் என்று ஒரு இடைப்பட்ட வகை உண்டு. அதன் உச்சம் 61 கி.மீ. போலாரிஸ் பீனிக்ஸ் 200 அந்த வகை. ஹோண்டா டிஆர்எக்ஸ் 250எக்ஸ் போன்ற 250 சிசி வண்டி 16 வயதுக்கு மேல்.

கடைக்காரர் நாளைக்கே "அப்ப 200 எடுங்க, 14 வயசுக்குன்னே போட்டிருக்கு" என்பார். அந்த ஸ்டிக்கர் சொல்வது குறைந்தபட்ச வயது. உங்கள் பையன் அதில் பொருந்துவான் என்று அது சொல்லவில்லை. ஐந்தரை அடி, 55 கிலோ இருக்கிற 14 வயதுப் பையனும் உண்டு. உங்கள் மகனுக்கு இன்றைக்கு 10 வயது, 12 வயது வகையில் உள்ள 110 சிசிதான் உடம்புக்கு ஆகும். வெளிநாட்டில் போலாரிஸ் அவுட்லா 110 போன்றவை இந்தக் கூட்டம். இங்கே கிடைக்கிற பெயர் தெரியாத சீன வண்டிகளில் வயது ஸ்டிக்கரை நம்பி வாங்க வேண்டாம். அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குக் கீழே யாரும் ஏடிவி ஓட்டவே வேண்டாம் என்கிறது. நீங்கள் அதைக் கேட்டு இரண்டு வருஷம் தள்ளிப்போட்டால் நான் சந்தோஷப்படுவேன். பையனிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். வாங்குவது என்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்து மேலே சொல்கிறேன்.

அளவு பார்ப்பது எளிது. பையனை ஷூ போட வைத்துக் கடைக்குக் கூட்டிப்போங்கள். செருப்போடு பார்ப்பதில் பயன் இல்லை. கால்மிதியில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். இருக்கைக்கும் தொடைச் சந்துக்கும் நடுவில் மூன்றிலிருந்து ஆறு அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் குழியில் இறங்கும்போது எழுந்து நிற்க முடியாது, அடி முழுக்க முதுகெலும்பில் வாங்குவான். உட்கார்ந்தால் தொடை ஏறக்குறைய படுக்கையாக இருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்தபோது முழங்கை மடிந்திருக்க வேண்டும். அடுத்ததுதான் பலரும் விட்டுவிடுவது: ஹேண்டிலைக் கோடி வரை ஒருபக்கம் திருப்பச் சொல்லுங்கள். வெளிக்கை நீண்டுபோய் இருக்கையிலிருந்து உடம்பு இழுபட்டால் வண்டி பெரிது. விரலை நீட்டினால் பிரேக் லீவரின் மேல் முதல் கணு படிய வேண்டும். குதிகால் மிதியில் இருக்கும்போதே முன்பாதம் கால் பிரேக்கைத் தொட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் "பழகிடும்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் திரும்பி வாருங்கள்.

சரி, வண்டியை விடுங்கள். எனக்குப் பெரிய கவலை உங்கள் நிலம்.

டெல்டாவில் காலியிடம் என்று ஒன்று இல்லை. வெளிநாட்டில் இருந்து நினைக்கும்போது அறுவடை முடிந்த வயல் மைதானம் மாதிரி மனதில் விரியும். சம்பா அறுப்பு முடிவதற்கு முன்பே, நிற்கிற கதிருக்குள் உளுந்தும் பயறும் விதைத்துவிடுகிற ஊர் இது என்பது உங்களுக்கே தெரியும். மாசி, பங்குனியில் தாள் நடுவே பச்சை தலைகாட்டும். அதை எடுத்த பிறகு சித்திரை, வைகாசியில்தான் நிலம் சும்மா கிடக்கும். அப்போது களிமண் வெடித்து, சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்கிற அளவு வாய் பிளந்திருக்கும். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். பிறகு தை வரை அது சேறு. ஆக, நஞ்சையை மறந்துவிடுங்கள். அங்கே வண்டி வரப்பை உடைக்கும், பக்கத்து வயல்காரரோடு வாய்ச்சண்டை கொண்டுவரும், வேறொன்றும் இல்லை.

அடுத்தது கரை. பையனுக்கு இழுப்பு அங்கேதான் இருக்கும். புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) கரை நேராக, நீளமாக, நிழலாகப் போகும். யாருக்குத்தான் ஓட்டிப் பார்க்க ஆசை வராது?

என் அக்கா மகனுக்கு வந்தது. அப்போது அவனுக்கு 15 வயது. தெரிந்தவர் வீட்டில் நின்ற 300 சிசி பண்ணை வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போயிருக்கிறான். வேகம்கூட இல்லை. எதிரே ஆடு வந்தது. ஒதுங்கியிருக்கிறான். முதல் நாள் ராத்திரி மழை. வெளிச்சக்கரம் விளிம்பை மிதித்ததும் கரை அப்படியே அல்வா மாதிரிப் பிய்ந்து இறங்கியது. வண்டியும் அவனும் வாய்க்காலுக்குள். முழங்கால் தண்ணீர்தான். நடவு வயலிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து தூக்கப் பார்த்து முடியவில்லை. மூன்றாவது, நான்காவது ஆள் வந்த பிறகுதான் அவன் மேலிருந்து வண்டியைப் புரட்டினார்கள். தலை கரைப்பக்கம் விழுந்தது, கழுத்துப்பட்டை எலும்போடு போயிற்று. தலை தண்ணீர்ப்பக்கம் விழுந்திருந்தால் அந்த முழங்கால் தண்ணீரே போதும். அக்கா இன்றைக்கும் அந்த வாய்க்காலைத் தாண்டும்போது என்னைத்தான் திட்டுவாள், வண்டி என்னுடையது இல்லையென்றாலும். துபாய்க் கதைகளைச் சொல்லி அவனுக்கு ஆசை மூட்டியது நான்.

கரைச் சரிவில் ஏறுவதும் அப்படியே. கீழிருந்து கரைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஏறினால் உருளும். நேராக ஏறி நடுவில் வண்டி திணறும்போது பதறி ஆக்சிலரேட்டரை அமுக்கினால் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கம் மல்லாக்கும். பெரியவர்களுக்கே இது கைவர நாளாகும். பையனுக்குக் கரை, மேலேயும் கூடாது, சரிவிலும் கூடாது. எந்த நாளிலும் கூடாது என்று சட்டம் போட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது தோப்பு. உங்கள் பக்கத்துச் செம்மண் தோப்பு, எங்கள் பக்கத்துக் களியை விட எவ்வளவோ மேல். தண்ணீர் வடியும், பிடிப்பு உண்டு. ஆனால் அதையும் ஒருநாள் முழுக்க நடந்து பாருங்கள். கஜா புயலில், 2018 நவம்பரில், வேரோடு சாய்ந்த மரங்களைப் பிடுங்கிய இடத்தில் அரைகுறையாகத் தூர்ந்த பள்ளம் இருக்கலாம். புதுக் கன்று வைக்க மூன்றடிக்கு மூன்றடி வெட்டிய குழி புல் மூடிக் கிடக்கலாம். மரத்தைச் சுற்றிய பாத்தி வரம்பு, சொட்டுநீர்க் குழாய், மின்கம்பத்தின் ஸ்டே கம்பி, அடுத்த தோப்புக்காரர் போட்ட முள்கம்பி. ஸ்டே கம்பியும் முள்கம்பியும் வண்டியில் வருகிறவன் கழுத்து உயரத்தில் இருக்கும், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கம்பிகளில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

ஐந்து ஏக்கரில் அரை ஏக்கரை எடுத்து, மரவரிசைகளுக்கு நடுவே எட்டு வடிவத்தில் ஒரு தடம் அமையுங்கள். மட்டையும் பன்னாடையும் பொறுக்கி, குழி மூடி, பத்தடி அகலம். பவர் டில்லரை ஒருநாள் விட்டால் முடிந்துவிடும் வேலை. எட்டு வடிவத்தில் இடம், வலம் இரண்டு வளைவும் மாறி மாறி வரும், நேர்ப்பாதை குறைவு என்பதால் வேகமும் ஏறாது. முதல் மாதம் அதற்குள்ளேயே. தேங்காய் பறிப்பு நாளில் வண்டிக்கு லீவு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம், 1988ன்படி பொதுவிடத்தில் ஓட்ட 18 வயது வேண்டும். 16 வயதுக்குக் கிடைக்கும் சலுகை 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும். 2019ல் சேர்த்த 199ஏ பிரிவு, சிறுவன் ஓட்டிச் செய்த குற்றத்துக்குப் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாக்குகிறது: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது. நீங்கள் மஸ்கட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் அகப்படுவது உங்கள் அப்பா. "ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத் தோப்புக்குத்தான்" என்பதும் ரோடுதான். தவிர, தார் ரோடு இந்த வண்டிக்கே ஆகாது. அந்த ஒரே தண்டு ஆக்ஸிலுக்கு வழுக்கிக் கொடுக்கத் தார் இடம் தராது. வண்டி நேராகவே போகப் பார்க்கும், பிடிவாதமாகத் திருப்பினால் கவிழும்.

கடைக்காரர் "ஆர்டிஓ பதிவு பண்ணித் தர்றோம்" என்று சொன்னால் படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (வண்டி சாலைக்குத் தகுதியானது என்று கம்பெனி தரும் சான்று) இரண்டையும் கேளுங்கள். பெரிய ஏடிவிகளில் சிலவற்றை டிராக்டர் வகையில் பதிவு செய்து விற்றதுண்டு. சிறுவர் வண்டிக்கு அந்தக் கதை ஒத்துவராது, டிராக்டர் ஓட்டவும் 18 ஆக வேண்டும். கோடியக்கரைப் பக்கம் கூட்டிப்போய் ஓட்டலாமா என்று அடுத்து கேட்பான். அது வனவிலங்குச் சரணாலயம். அதை ஒட்டிய நாகை மாவட்டக் கடற்கரை மணலில் தை, மாசி, பங்குனியில் ஆமைகள் வந்து முட்டையிடும். அந்த மணலில் சக்கரம் படக் கூடாது.

இனி வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று.

ஆக்சிலரேட்டர் கட்டைவிரலால் தள்ளுவதாக இருக்கட்டும். பைக் மாதிரி திருகும் வகை வேண்டாம். வண்டி தூக்கிப்போடும்போது மனிதன் செய்வது கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. திருகு வகையில் அப்படிப் பிடித்தபடி உடம்பு பின்னுக்குப் போனால் மணிக்கட்டு தானாகத் திருகிவிடும். கட்டைவிரல் வகையில் விரல் விலகினால் வண்டி அடங்கும். விட்டதும் சட்டென்று திரும்புகிறதா என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்துப் பாருங்கள். கேபிள் இழுபடும் வண்டி கொலைகார வண்டி.

அந்த ஆக்சிலரேட்டர் பெட்டியிலேயே வேகத்தை மட்டுப்படுத்தும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். உள்ளே திருக வேகம் குறையும். முதல் மூன்று மாதம் 20 கி.மீ. போதும். மைதானத்தில் ஓடும் ஆளைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே. ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு நண்பனும் கிடைத்தால் அதைக் கழற்றத் தெரியாத பையன் உலகத்தில் இல்லை. திருகி வைத்த இடத்தில் உங்கள் வீட்டம்மாவின் நகப்பாலிஷைத் தடவி விடுங்கள். யாராவது தொட்டிருந்தால் வெடிப்பு காட்டிக்கொடுக்கும்.

கயிற்றோடு கூடிய கில் ஸ்விட்ச் கட்டாயம். ஒரு முனை வண்டியில், மறுமுனை பையனின் மணிக்கட்டில். விழுந்தால் எஞ்சின் நிற்கும். ரிமோட்டில் நிறுத்தும் வசதி சில வண்டிகளில் உண்டு. தாத்தா கையில் ரிமோட் இருப்பது நல்லதுதான், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்குகிற நேரம் இருந்தால்.

கியர்: முழு ஆட்டோமேட்டிக், ரிவர்ஸ் உள்ளது. கியர் மாற்றும் ஸ்போர்ட் வண்டி 16 வயதில் பார்த்துக்கொள்ளலாம். பெல்ட் ஓட்டும் வகையானால் தண்ணீரில் இறக்கக் கூடாது, பெல்ட் நனைந்தால் வழுக்கும். செயின் வகையானால் மண் ஒட்டியதும் கழுவி எண்ணெய் விட வேண்டும். சீன 110, 125 சிசி வண்டிகளில் வரும் படுக்கை எஞ்சின் பழைய ஹோண்டா கப் வழி வந்தது. உங்கள் ஊர் பைக் மெக்கானிக்கே பிரித்துக் கோர்த்துவிடுவார். எஞ்சின் நமக்குக் கவலை இல்லை. முன்சக்கரத்தின் ஸ்டியரிங் நக்கிள், பால் ஜாயின்ட், டை ராட், வீல் பேரிங், இவை அங்கே கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கால்மிதிக்குக் கீழும் பின்னாலும் வலையோ தட்டோ இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டிப் பழகிய பிள்ளை சாய்ந்தால் காலைத் தரையில் ஊன்றுவான். ஏடிவியில் ஊன்றிய காலின் மேல் பின்சக்கரம் ஏறும். துபாயில் நான் பார்த்த கால் காயங்கள் பல இந்த வகைதான். இருபது கி.மீ. வேகத்திலும் நடக்கும்.

டயர் காற்று ஒரு தனிக்கதை. இந்த டயர்கள் 3, 4 பிஎஸ்ஐ காற்றில் ஓடுபவை. சரியான அளவு டயரின் பக்கவாட்டிலோ வண்டி ஸ்டிக்கரிலோ இருக்கும். நம் பஞ்சர் கடைக் கேஜில் 5 என்பதே ஊசி அசையாத இடம். பழக்க தோஷத்தில் தம்பி 25, 30 அடித்து விடுவார். அப்புறம் வண்டி பந்து மாதிரி ஒவ்வொரு வேருக்கும் எகிறும், பையன் கையில் நிற்காது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று தனியாக வாங்கி, கைப்பம்பால் அடியுங்கள். இடது வலது சமமாக இல்லையென்றால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

பழைய வண்டி மலிவாக வந்தால், பெரும்பாலும் எங்காவது கேளிக்கைப் பூங்காவில் வாடகைக்கு ஓடியதாக இருக்கும். பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்துவார்கள். முன்பகுதியைத் தூக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் தேய்மானம். பின்சக்கரத்தைச் சுழற்றினால் தள்ளாடக் கூடாது, தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கிறது. சட்டகத்தில் வெல்டிங் வைத்த இடங்களில் புதுப் பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடலோரம் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்று போல்ட்டுகளுக்குள் புகுந்திருக்கும்.

ஹெல்மெட், ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151, தாடையையும் மூடுவது, பையன் தலை அளவுக்கு. அப்பாவின் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவது அலுமினியச் சட்டிதான். கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை. தொங்கும் மட்டையின் நுனி கண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்று தோப்புக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டி முடித்ததும் சைலன்சர் பக்கம் சிக்கிய காய்ந்த புல், வைக்கோல், தென்னம்பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தவே வேண்டாம்.

தாத்தாவுக்கு உதவி என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இது ஒரு ஆள் வண்டி. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பையன் உடம்பை நகர்த்த இடம் இல்லாமல் போகும். திரும்பும் வித்தையே அதில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேன். உரிக்காத நூறு தேங்காய் நூறு கிலோவைத் தாண்டும், அது வண்டியின் எடையை ஒட்டி வரும். உரமூட்டை, மருந்தடிக்கும் டேங்க், டிரெய்லர் எதுவும் கூடாது. உதவி வேண்டுமென்றால் தாத்தாவுக்குத் தனியாக ஒரு தள்ளுவண்டியோ, பவர் டில்லருக்கு ஒரு டிரெய்லரோ பாருங்கள். தாத்தா "என்னடா பேராண்டி, ஒரு ரவுண்டு" என்று ஏறிக்கொள்வதைத் தடுப்பதுதான் உங்களுக்குக் கடினமான வேலையாக இருக்கும். போனில் சொன்னால் கேட்க மாட்டார், நேரில் சொல்லுங்கள்.

அதற்குத்தான் நீங்கள் ஊரில் இருக்கும்போது வாங்கச் சொன்னேன். முதல் பத்து நாள் எஞ்சினே ஓட வேண்டாம்: ஏறுவது, இறங்குவது, கில் ஸ்விட்ச் கயிறு கட்டுவது, நின்ற வண்டியில் உடம்பை நகர்த்துவது. பிறகு எட்டு. நீங்கள் திரும்பிப் போன பிறகு சாவி வீட்டம்மாவிடம் இருக்கட்டும், தாத்தாவிடம் வேண்டாம். தாத்தாக்களிடம் பேரனுக்கு இல்லை என்ற சொல் வராது. ஒரு பெரியவர் தோப்பில் நின்று பார்க்கும் நேரத்தில் மட்டும் சாவி வெளியே வரட்டும்.

இரண்டு வருஷத்தில் வீணாகிவிடும் என்ற பேச்சுக்கு: நல்ல நிலையில் உள்ள 110 சிசி வண்டியை அடுத்த வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பா வாங்கிக்கொள்வார், இந்த ஊரில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

பையனைச் சுவரில் முதுகு சாய நிறுத்தி, ஷூவோடு, தரையிலிருந்து தொடைச்சந்து வரை எத்தனை அங்குலம் என்று டேப்பில் அளந்து எழுதுங்கள். கடைக்காரர் காட்டும் வண்டியின் இருக்கை உயரத்தையும், கால்மிதியிலிருந்து இருக்கைக்கு உள்ள உயரத்தையும் சேர்த்து எழுதினால், அந்த வண்டி ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுகிறேன்.